கபிலைத் தோலும் மார்லியின் மடலும்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள குடிபாலா இன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலம். 1910இல் அது சென்னை மாகாணத்தின் வடாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் தலைமையிடம் அப்போது வேலூர் அன்று, சித்தூர்தான். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லாத இப்பகுதியின் வேளாண்மை ஏரிகளையும் கிணறுகளையுமே நம்பியிருந்தது. கிணற்றடியில் இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும், வடம் இழுபடும், தோல் பை நீரோடு மேலே வரும். இந்த ஏற்றத்துக்குத் தமிழில் கவலை, கமலை, கபிலை என ஊருக்கொரு வடிவம் உண்டு. தெலுங்கில் கபில. இரு மொழியும் கலந்து புழங்கும் எல்லை ஊர்களில் இச்சொல்லை எந்த மொழியின் கணக்கில் எழுதுவது என்பது அங்குள்ளோருக்கு ஒருபோதும் கேள்வியாக இருந்ததில்லை.

அவர்களுக்கு இருந்த கேள்வி வேறு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் எப்போதும் நீரில் ஊறிக்கொண்டிருந்தால் விரைவில் இற்றுப்போகும். பை கிழிந்தால் அன்று பாய்ச்சல் இல்லை. புதுப் பைக்குப் பணம் வேண்டும். மாடும் வடமும் வாங்கிய உழவனுக்கு இந்தத் தோல் ஒரு தீராத செலவு.

இதற்கு விடை தேடும் முயற்சி 1903இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் தொடங்கியது. ஏழே ஆண்டுகளில் அம்முயற்சி லண்டன்வரை சென்று, ‘மக்களுக்குத் தொழில் பயிற்றுவிக்கும் அரசு எந்த எல்லையோடு நிற்க வேண்டும்?’ என்ற விவாதமாக மாறி, தடைசெய்யவும்பட்டது. தொழிற்பயிற்சி பற்றி இன்று நகராட்சி மன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் எழும் வினாக்களில் பெரும்பாலானவை அந்த விவாதத்தில் ஏற்கெனவே எழுந்தவைதாம்.

அந்தப் பள்ளி, சென்னைக் கலைத்தொழிற்பள்ளி. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தம் சொந்த முயற்சியில் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதே 1850இல்தான் இந்தியாவின் முதல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தது. ஆதரவற்ற பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒப்பந்தத்தின் பேரில் ஒரு தொழிலாளியிடம் சேர்த்துவிடுவதற்கான சட்டம் அது. பள்ளியில் வைத்துக் கற்பிப்பது, பட்டறையில் சேர்த்துவிடுவது என்ற இரு வழிகளும் ஒரே ஆண்டில் பிறந்தன. அவை ஒன்றையொன்று அதிகம் சந்தித்துக்கொள்ளவில்லை.

1884இல் அப்பள்ளியின் பொறுப்புக்கு வந்த இ. பி. ஹாவெல் இந்தியக் கைவினையின் அழகில் ஆழ்ந்தவர். பின்னாளில் கல்கத்தாவில் அவர் செய்த பணியே கலை வரலாற்றில் பேசப்படுகிறது. கைத்தறியை மேம்படுத்த வேண்டும் என்று விடாமல் எழுதியவர்களிலும் அவர் ஒருவர் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 1897இல் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் சாட்டர்டன் முற்றிலும் வேறு வார்ப்பு. 1888இல் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராகச் சென்னைக்கு வந்தவர், கலைஞர் அல்லர். ஒரு பொருளைச் செய்யக் கற்றவன் அதை விற்றுப் பிழைக்க முடியுமா என்பதே அவருடைய கவலை.

1898இல் அவர் அப்பள்ளியில் அலுமினியத்தைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் அலுமினியத் தகட்டைக் கன்னார்களின் கையில் கொடுத்துப் பாத்திரம் அடிக்கச் சொன்னார். பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய அந்தக் கைகளுக்குப் புது உலோகத்தைப் பற்றிய பாடம் தேவைப்படவில்லை. தகடும் சுத்தியலும் கூலியும் போதுமாக இருந்தன. பித்தளைப் பாத்திரத்துக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும்; இதற்கு அந்தத் தொல்லை இல்லை. பள்ளிப் பட்டறையில் அடித்த பாத்திரம் சந்தையில் விலைபோயிற்று. பின்னர் 1903இல் அந்தப் பிரிவு முழுவதும் ஒரு தனியார் நிறுமத்துக்கு விற்கப்பட்டது. சாட்டர்டனின் திட்டமே அதுதான். அரசு முதலில் நட்டத்துக்கு அஞ்சாமல் ஒரு தொழிலை நடத்திக் காட்டும், ஆட்கள் வேலை செய்துகொண்டே தேர்ச்சி பெறுவார்கள், இலாபம் வரும் என்று தெரிந்ததும் தனியார் முதல் வரும், அரசு விலகிக்கொள்ளும்.

அடுத்தது தோல். குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை அப்போது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியிருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாரக்கணக்கில் செய்யும் வேலையை அது மிகக் குறைந்த காலத்தில் முடிக்கும். அப்படிப் பதனிட்ட தோல் நீரை நெடுநாள் தாங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என வடாற்காடு முழுவதும் தோல் மண்டிகளும் பதனிடும் கூடங்களும் இருந்தன. ஆனால் அங்கிருந்து போன சரக்கு பெரும்பாலும் அரைப்பதனில் கப்பலேறி லண்டன் சந்தைக்குச் சென்றது. மேல்வேலையும் அதன் இலாபமும் அங்கே. இந்நிலையில் சாட்டர்டனின் பட்டறை குரோம் தோலில் கபிலைப் பை செய்தது. செருப்பும் பிறவும் செய்தது. பின்னர் செம்பியத்தில் தனித் தொழிற்கூடமாக வளர்ந்தது. வடாற்காட்டின் தோல் சென்னைக்குப் போய், வடாற்காட்டின் கிணற்றுக்கே பையாகத் திரும்பிவரும் வாய்ப்பு அதில் இருந்தது.

மூன்றாவது முயற்சி நெசவு. இங்கேதான் சாட்டர்டன் சறுக்கினார். கயிற்றை இழுத்தால் தானே பாயும் நாடாவை ஜான் கே என்ற ஆங்கிலேயர் 1733இல் உருவாக்கினார். அது வங்காளத்துச் செராம்பூர்ப் பகுதியில் பரவியிருந்தது. சென்னை மாகாணத்தின் குழித்தறிகளில் அப்போது அரிது. கையால் நாடா எறிந்து நெய்பவரைவிட விசைநாடாத் தறியில் நெய்பவர் ஒரே நேரத்தில் கூடுதலாக நெய்வார் என்பதில் ஐயமில்லை. 1906இல் சேலத்தில் அரசு ஒரு நெசவுக்கூடம் திறந்தது. நெசவாளர் ஒரே கூரையின்கீழ் வந்து, குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடித்து, கூலி வாங்கிச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

நெசவாளர்கள் ஒழுங்காக வரவில்லை. தேவாங்கரும் சௌராட்டிரரும் தலைமுறைகளாக நெய்துவந்த ஊர் அது. வீட்டில் மனைவி தார் சுற்றுவாள்; பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பார்கள்; பாவு ஓட்டவும் கஞ்சி போடவும் தெருவே கூடும். தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், நெய்வது குடும்பம். அந்த ஒருவரை மட்டும் பெயர்த்துக்கொண்டுபோய்க் கூடத்தில் உட்காரவைத்தால் கணக்கு உதைக்கும். கூடத்தின் கூலி கூடுதலாக இருந்தாலும் வீட்டிலுள்ளோரின் உழைப்பு அங்கே பணமாகாது. சாட்டர்டனே இதைப் பின்னர் ஒப்புக்கொண்டு எழுதினார். அவர் ஆலோசனையில் நெசவாளரின் கருத்து கேட்கப்பட்டதோ இல்லையோ, அவர்கள் வராமல் இருந்தே அதைத் தெரிவித்துவிட்டனர்.

இந்தப் பின்னணியில்தான் 1908 செப்டம்பரில் உதகமண்டலத்தில் தொழில் மாநாடு கூடியது. அப்போது சென்னை ஆளுநர் சர் ஆர்தர் லாலி. அவ்வாண்டு மார்ச்சில் வ. உ. சிதம்பரனார் கைதாகித் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்திருந்தன. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுமம் ஓர் ஆங்கிலேயக் கப்பல் நிறுமத்தோடு போட்டியிட்டுக்கொண்டிருந்தது. ‘நம் நாட்டில் தொழில் வளர வேண்டும்’ என்ற சொல் தெருவில் இராசத்துரோகமாகவும் உதகையின் மாநாட்டு அரங்கில் நிர்வாகக் கொள்கையாகவும் ஒலித்த ஆண்டு அது. மாநாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் அதிகாரிகளும் வணிகர்களும் படித்த பெருமக்களும். கன்னாருக்கும் நெசவாளருக்கும் தோல் உரிப்போருக்கும் எப்படிப் பயிற்சி தருவது என்று அவர்கள் ஆராய்ந்தனர்.

தொழிற்கல்வி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பள்ளி திறக்கலாம், ஆசிரியர் வைக்கலாம், உதவித்தொகை கொடுக்கலாம். மோதல் அதற்கு அடுத்த படியில். பயிற்சி தரும் பட்டறை பொருள் செய்து விற்கலாமா? சென்னை வணிகர் கழகம் கூடாது என்றது. 1836இல் நிறுவப்பட்ட அக்கழகம் ஐரோப்பிய வணிகர்களின் அமைப்பு. அலுமினியத்திலும் தோலிலும் அரசே வியாபாரியானால் வரி கொடுக்கும் வணிகன் தன் வரிப்பணத்தோடே போட்டியிட வேண்டிவரும் என்பது அதன் வாதம். மறுபக்கம் இந்திய வணிகர் திரளத் தொடங்கியிருந்தனர். 1909இல் தென்னிந்திய வணிகர் கழகம் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் பிட்டி தியாகராயர், விசைநாடாத் தறிகளைக் கொண்டு தாமே நெசவுக்கூடம் நடத்தியவர். முதலீட்டுக்கும் நுட்பத்துக்கும் வழியற்றிருந்த இந்திய உற்பத்தியாளர் பலருக்கு, அரசு முதலில் இறங்கி ஆழம் பார்த்துச் சொல்வது தேவையாகவே தோன்றியது.

ஐரோப்பிய வணிகரின் வாதத்தை வெறும் தன்னலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. தன்னலம் அதில் இருந்தது. ஆயினும் அரசின் பட்டறைக்கு வாடகைக் கவலை இல்லை, வட்டிக் கவலை இல்லை. அதன் இலாபநட்டக் கணக்கை நம்பி ஒரு தனியார் இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்ளக்கூடும் என்பது நியாயமான ஐயம். சேலத்தின் நெசவுக்கூடம் அந்த ஐயத்துக்குச் சான்றாகவும் நின்றது. எனினும் மாநாடு தொழில்துறைக்கென ஓர் இயக்குநரும் துறையும் வேண்டும் என்ற பக்கமே சாய்ந்தது. மாகாண அரசும் அதை ஏற்றது. சாட்டர்டன் தொழில்துறை இயக்குநரானார்.

லண்டன் ஏற்கவில்லை. இந்தியாவுக்கான அமைச்சர் ஜான் மார்லி 1910 ஜூலை 29 தேதியிட்ட மடலில் தம் முடிவைத் தெரிவித்தார். கிளாட்ஸ்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். தடையற்ற வணிகத்தைச் சமயம்போல் போற்றிய பழைய லிபரல். இந்தியர்க்குச் சட்டமன்றத்தில் கூடுதல் இடம் அளித்த 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அவர் பெயரையும் மிண்டோவின் பெயரையும் தாங்குவது. அம்மடலின் சாரம் இது: அறிவியலும் ஐரோப்பிய வழக்கமும் தரும் புதிய உற்பத்தி முறைகளை மக்களுக்குப் பழக்கப்படுத்த அரசு பணம் செலவிடலாம், அதற்கு மேல் போகக் கூடாது, அம்முறைகள் வணிகத்தில் இலாபம் தருமா என்பதை மெய்ப்பிக்கும் வேலை தனியாருடையது.

‘பழக்கப்படுத்துதல்’ என்பது ஆங்கிலத்தில் அறிமுகம் என்ற அளவிலேயே நிற்பது. புதிய முறை ஒன்று உண்டு என்று தெரிவித்தால் போதும். தமிழில் அச்சொல் அவ்வளவு எளிதில் அடங்காது. ‘தொழில் பழகுதல்’ என்றால் ஒருவரிடம் இருந்து, அவர் பிழைப்புக்காகச் செய்யும் வேலையைத் தானும் செய்து கற்பது. இன்றைய அரசாணைகளில் ‘தொழில் பழகுநர்’ என்ற சொல் இப்பொருளில்தான் நிற்கிறது. பள்ளியில் படித்தவரைத் தொழில் பழகியவர் என்று யாரும் சொல்வதில்லை. மார்லி அனுமதித்ததும் தடுத்ததும் தமிழின் இந்த ஒரு வினைச்சொல்லுக்குள் ஒன்றாகவே கிடக்கின்றன. கன்னார் அலுமினியம் பழகியது பாத்திரம் விலைபோனதால். விலைபோகாது என்று முன்பே தெரிந்த பாத்திரத்தை அடித்துப் பழக எவரும் வரமாட்டார். வந்தாலும் உதவித்தொகை நிற்கும் நாளோடு போய்விடுவார்.

‘தொழில்’ என்ற சொல்லின் விரிவும் இங்கே நினைவுக்கு வரத்தக்கது. ஆலையும் தொழில், நெசவும் தொழில், ஒருவர் பிழைப்புக்குச் செய்வதும் தொழில். ஆங்கில நிர்வாகம் வெவ்வேறு பெயரிட்டு வெவ்வேறு கோப்பில் வைத்தவற்றைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருந்தது. தொழில்துறை என்றும் தொழிற்கல்வி என்றும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூடி மற்றதை மட்டும் நடத்தலாம் என்ற எண்ணம் அந்தக் கோப்புகளுக்கே உரியது.

உண்மையில் நடந்ததும் அதுவே. சேலம் நெசவுக்கூடம் 1910இல் மூடப்பட்டது. குரோம் தோல் தொழிற்கூடம் ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. தொழில்துறை இயக்குநர் பதவி ஒழிந்து, சாட்டர்டன் தொழிற்கல்விக் கண்காணிப்பாளர் ஆனார். ஆள் அவரே. முன்பு பட்டறை நடத்தியவர், இனிப் பள்ளிகளைப் பார்வையிட வேண்டும்.

இதே மாதங்களில் வடாற்காட்டில் இன்னொரு கோடு இழுக்கப்பட்டது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வடாற்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போயிற்று. குடிபாலாவின் கிணறுகள் ஒரு மாவட்டத்திலும் ஆம்பூர், இராணிப்பேட்டையின் தோல் கூடங்கள் மற்றொன்றிலும் அமைந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது மாநில எல்லையாகவும் ஆயிற்று. நிர்வாகக் கோடு தொழிலை அறுத்துவிட்டது என்று சொல்வது மிகையாகும். தோலும் ஆட்களும் அந்தச் சாலையில் போய்வந்துகொண்டேதான் இருந்திருப்பார்கள். ஆனால் இரு பக்கத்தையும் சேர்த்து நினைத்துப் பார்க்கும் பொறுப்புள்ள ஓர் அலுவலகம் அதன்பின் இல்லை.

மார்லியின் தடை வழுவழுப்பாக ஏற்கப்படவில்லை. அவருக்குப் பின் வந்த கிரூ பிரபு, தொழில்துறை என்ற அமைப்பு இருக்கலாம், வணிக நோக்கில் தொழில் நடத்துவதுதான் கூடாது என்று சற்றே தளர்த்தினார். 1914இல் சென்னையில் தொழில்துறை மீண்டும் வந்தது. அதே ஆண்டு உலகப் போரும் வந்தது. கப்பல் போக்குவரத்து குலைந்ததும் கம்பியும் இரசாயனமும் தோல் பொருளும் இந்தியாவிலேயே கிடைக்க வேண்டும் என்பது இராணுவத்தின் தேவையாயிற்று. வ. உ. சி.யின் கேள்வியைக் கேட்க மறுத்த ஆட்சி, இப்போது தானே அதைக் கேட்டது. 1915இல் சென்னையில் தோல் தொழிற்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. செம்பியத்தில் விற்றுவிட்ட பட்டறையை நினைத்தால், அப்பள்ளியின் பிறப்பில் ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது. 1916இல் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் அமைந்த இந்தியத் தொழில் ஆணையம் 1918இல் தந்த அறிக்கை, தொழில் வளர்ச்சியில் அரசு நேரடியாகப் பங்குகொள்ள வேண்டும் என்றது. அதன் உறுப்பினர்களில் சாட்டர்டனும் ஒருவர். மதன் மோகன் மாளவியா அதுவும் போதாது என்று நீண்ட மாறுபட்ட குறிப்பை இணைத்தார். 1919ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலை மாகாண அமைச்சரின் பொறுப்பில் விட்டது. 1922இல் சென்னைச் சட்டமன்றம் தொழில்களுக்கு அரசு உதவி அளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

தனியார் முதல் வராமலும் இல்லை. பல்லாவரம் பக்கம் குரோம் தோல் நிறுமம் பெரிதாக வளர்ந்து, அவ்விடத்துக்கே குரோம்பேட்டை என்ற பெயரைத் தந்தது. ஒரு வேதிப்பொருளின் பெயர் சென்னையின் ஒரு பகுதிக்குப் பெயரானது இப்படித்தான். மார்லியின் ஆதரவாளர் இதைத் தம் பக்கச் சான்றாகக் காட்டலாம். காட்டட்டும். ஆனால் குரோம் தோல் சென்னையில் செல்லும் என்று ஐயமறக் காட்டியது யாருடைய பணம், யாருடைய பட்டறை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கபிலைப் பையின் கதை வேறு வழியில் முடிந்தது. சாட்டர்டனே எண்ணெய் எஞ்சின் பொருத்திய இறைவைப் பொறிகளையும் செங்கற்பட்டுப் பகுதியில் சோதித்துப் பரப்பியவர். தோல் பையை நெடுநாள் உழைக்கவைக்க முயன்ற கைகளே அதைத் தேவையற்றதாக்கும் பொறியையும் கொண்டுவந்தன. பின்னர் மின்சாரம் வந்தது. கபிலை ஓட்டும் தொழில் போயிற்று. சொல் மட்டும் முதியோர் வாயில் சில காலம் தங்கியது.

1912இல் சாட்டர்டன் சென்னையை விட்டு மைசூருக்குப் போனார். அவ்வாண்டுதான் விசுவேசுவரையா அங்கே திவானானார். சமஸ்தானத்தின் வரவுசெலவில் லண்டனின் கை அத்தனை நேரடியாக நுழையவில்லை. சாட்டர்டன் அங்கே தொழில்துறையின் தலைவரானார். போரால் ஜெர்மனிக்குப் போகாமல் தேங்கிய சந்தன மரத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையைப் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ந்து, 1916இல் அரசே ஆலை தொடங்கியது. சோப்புச் செய்யும் நுட்பத்தைப் பழகிவர எஸ். ஜி. சாஸ்திரி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். திரும்பிவந்தவருக்கு வேலை செய்ய ஓர் ஆலை இருந்தது. 1918இல் வெளிவந்த அந்தச் சந்தன சோப்பை இன்றும் கருநாடக அரசின் நிறுவனமே செய்கிறது. சித்தூர் கடைகளிலும் வேலூர் கடைகளிலும் அது கிடைக்கும். குடிபாலாவிலும் கேட்டால் கிடைக்கும்.